வாய் திறக்கிற அளவு

...இல்லை, இன்னும் கொஞ்சம் திறங்க என்று சொன்னால் இந்த ஜனங்கள் கண்ணைத்தான் பெரிதாகத் திறக்கிறார்கள், வாய் அங்கேயே நிற்கிறது, காலையிலிருந்து இவர் ஏழாவது ஆள், ஏழு பேரும் அப்படித்தான், கண்ணையா அளக்கப் போகிறேன் நான், வாயைத் திறங்க ஐயா, வாயை... ஸ்கேலில் நாற்பத்தேழு மில்லிமீட்டர், சரி, மூடுங்க, மறுபடி திறங்க, மறுபடி மூடுங்க. இரண்டு காதுக்கும் முன்னால் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அங்கேதான் தாடை மூட்டு இருக்கிறது, வாய் திறந்து மூடும்போது அது விரலுக்கடியில் சின்ன எலி மாதிரி ஓடித் திரும்பும், நல்ல மூட்டு என்றால் சத்தமில்லாமல் ஓடும், கெட்டது என்றால் டக் என்று ஒரு உதை. மெல்லும்போது வலிக்குதா? வாய் எப்பவாவது பூட்டிக்கிச்சா? காலையில எந்திரிக்கும்போது கன்னம் இறுகிக் கிடக்கா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில், பல்லுதாம்மா வலிக்குது. தெரியும், பல் வலிக்காமல் பல் ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள், வேடிக்கை பார்க்கவா, ஆனால் தாளில் கட்டங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் நிரப்பாமல் உள்ளே அனுப்பினால் டாக்டரம்மா அப்படியே திருப்பி அனுப்புவார், ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம், வெளியே பெஞ்சில் முப்பத்தோரு பேர், மின்விசிறி ஒன்று, அதுவும் சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது.

போன வருஷம் வரை இந்தத் தாள் கிடையாது. ஒரு வாத்தியாரம்மா வேர் சிகிச்சைக்காக முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் கிடந்தார், முடிஞ்சுது எந்திரிங்க என்றால் வாய் மூட மாட்டேன் என்கிறது, பிளந்த வாயோடு அவர் எங்களைத் திட்டப் பார்க்கிறார், வந்ததெல்லாம் ஆ, ஆ என்றுதான், பெரிய டாக்டர் ஓடி வந்து இரண்டு கட்டை விரலையும் உள்ளே விட்டு அழுத்திப் பூட்டைக் கழற்றினார், அதற்குப் பிறகு அந்த அம்மா திட்டியது தெரு வரைக்கும் கேட்டது. அடுத்த வாரமே மேலிடத்து உத்தரவு, பல்லில் கை வைக்கும் முன் ஒவ்வொருவருக்கும் தாடை மூட்டைப் பார், தாளை நிரப்பு, வாய் முப்பத்தைந்து மில்லிமீட்டருக்குக் கீழே திறந்தாலோ மூட்டு உதைத்தாலோ சிவப்பு மையில் வட்டம் போட்டு டாக்டரிடம் சொல். சொல்வது சுலபம், ஒரு வட்டம் போட்டால் உள்ளே அரை மணி நேரம் போகும், டாக்டரம்மா முகத்தைச் சுளிப்பார், பெஞ்சு முணுமுணுக்கும், அத்தனையும் என் தலையில். அதனால் காதிடுக்கில் ஒரு பென்சில் வைத்திருக்கிறேன், வட்டம் போடலாமா வேண்டாமா என்று தோன்றினால் பேருக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு என்பது இந்த ஆஸ்பத்திரியில் இன்னும் வந்து சேரவில்லை. மாசக் கடைசியில் எண்களை மட்டும் மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறோம், தாள்கள் கட்டுக்கட்டாக என் அலமாரியில் தூங்குகின்றன.

எட்டாவது ஆள் யார் என்று தலை தூக்கினால் அவர், சுமைக்காரர், கதவு நிறைய நிற்கிறார், கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர், இது மூன்றாவது தடவை, போன இரண்டு தடவையும் வலது பக்கத்தில் ஒவ்வொரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டுப் போனவர். என்ன தங்கச்சி, என்னை மறந்துட்டியா, என்றார், வலது கன்னத்தைக் கையால் ஏந்திக்கொண்டு, ஏதோ அது கழன்று விழுந்துவிடும் போல. உங்களை எப்படிண்ணே மறக்கறது, நீங்க உட்கார்ந்தா நாற்காலி ஒரு வாரத்துக்கு முனகுதே, என்றேன். சிரிக்கப் போனார், பாதியில் நிறுத்திக்கொண்டார், சிரித்தாலும் வலிக்கிறதாம். அதே வலிதான் தங்கச்சி, மொத பல்லைப் பிடுங்கினப்ப ரெண்டு வாரம் சும்மா இருந்துச்சு, அப்புறம் மேல போச்சு, மேல பிடுங்கினீங்க, இப்ப திரும்பக் கீழ வந்து அடுத்த பல்லுல உட்கார்ந்திருக்கு, இன்னிக்கு லீவு சொல்லிட்டு வந்துட்டேன், ஒரு வழியா இதையும் எடுத்து விட்ருங்க. வலி வீடு மாற்றிக்கொண்டே போகிறது, நாங்கள் ஒவ்வொரு வீடாக இடித்துக்கொண்டே பின்னால் போகிறோம்... அப்போது இப்படித் தோன்றியதா எனக்கு, இல்லை, அப்போது எனக்குத் தோன்றியது இந்த மனுஷன் நாற்காலியை உடைக்கப் போகிறார் என்பதுதான்.

திறங்கண்ணே. முன்பல் மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் ஸ்கேலை நிறுத்தினேன், முப்பத்தெட்டு. தேறிவிட்டார். எழுதப் போனேன், அப்போதுதான் அவர் கை மடியில் கிடந்ததைப் பார்த்தேன், ஒவ்வொரு விரலும் என் விரல் இரண்டைச் சேர்த்த மாதிரி, என்னவோ தோன்றி, அண்ணே உங்க மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி வாய்க்குள்ள வைங்க பாப்போம் என்றேன். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது, ஸ்கேல் இல்லாத ஊரில் அவரவர் விரல்தான் ஸ்கேல், அவரவர் மூன்று விரல் அவரவர் வாய்க்குள் போகணும், போகாவிட்டால் மூட்டு கோளாறு, நான் அதை விட்டு ஒரு வருஷம் இருக்கும், ஸ்கேல் இருக்கும்போது எதற்கு. இரண்டு விரல் போனது, மூன்றாவது பல்லில் முட்டி நின்றது, அவர் தள்ளிப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, போகவில்லை. தடித்த விரல், அதான் போகலை, என்று நானே சொல்லிக்கொண்டேன், எடுங்கண்ணே, என் விரலை வைத்துப் பார்த்தேன், கையுறை போட்ட என் ஒல்லி விரல் மூன்று, அதுவும் போகவில்லை. என் மூன்று விரல் நாற்பத்திநாலு மில்லிமீட்டர், பயிற்சியில் அளந்து நோட்டில் எழுதியது, மறக்காது, நாற்பத்திநாலு முப்பத்தெட்டுக்குள் போகாதுதான், சரிதான், ஆனால் இவ்வளவு முட்டுமா... சும்மா, எரிச்சலில்தான், ஸ்கேலை எடுத்து என் மூன்று விரலுக்கு மேல் வைத்தேன். ஐம்பது.

ஐம்பதா. நாற்பத்தெட்டு வயசில் விரல் பெருக்குமா, இடுப்பு பெருக்கும், கணுக்கால் வீங்கும், விரல் ஆறு மில்லிமீட்டர் பெருத்தால் மோதிரம் என்ன ஆகியிருக்கும். மறுபடி வைத்தேன், ஐம்பது. என்ன தங்கச்சி, உனக்கும் பல்வலியா, என்று கேட்கிறார் அவர். கொஞ்சம் இருங்கண்ணே என்று எழுந்து அடுத்த அறைக்குப் போனேன், பல் செட் செய்கிறவர் அங்கே இருக்கிறார், நாள் முழுக்க மெழுகை உருக்கி உருக்கி அவருக்கு மெழுகு என்றே பேர், அவரிடம் ஒரு எஃகு ஸ்கேல் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் பிளாஸ்டிக் ஸ்கேலின் ஐம்பது அவருடைய நாற்பத்திநாலில் வந்து நின்றது. மெழுகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், இதை எங்க போட்டு வேக வச்சீங்க, கத்திரிக்காய் மாதிரி சுருங்கிப் போயிருக்கு, என்றார். வேக வைத்தேன், ஆமாம், நான்தான் வைத்தேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் கொதி ஆவியில் கிருமி நீக்குகிற புது மெஷின் வந்தது, வாயில படுற எதுவும் இதுக்குள்ள போயிட்டு வராம அடுத்த வாய்க்குப் போகக் கூடாதுக்கா, என்று டாக்டரம்மா சொன்னார், ஸ்கேலும் வாயில்தானே படுகிறது, போட்டேன், முதல் நாளே லேசாக வளைந்து வந்தது, நான் என்ன செய்தேன், வருகைப் பதிவேட்டுக்கடியில் ஒரு ராத்திரி வைத்து அழுத்தி நிமிர்த்தினேன், நிமிர்ந்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு. எத்தனை அழகாகச் சுருங்கியிருக்கிறது பாருங்கள், கோடெல்லாம் அதனதன் இடத்தில், எண்ணெல்லாம் அதனதன் கோட்டில், பொய் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. அக்காவும் ஸ்கேல் மாதிரிதான், நாளுக்கு நாள் சுருங்கிக்கிட்டே அளவு மட்டும் ஜாஸ்தி காட்டறீங்க, என்று மெழுகு சிரித்தார். வாயை மூடும்யா என்றேன், வாயை மூடச் சொல்வதும் திறக்கச் சொல்வதும்தான் என் பிழைப்பு.

அப்படியென்றால் முப்பத்தெட்டு என்பது முப்பத்துமூன்று. முப்பத்துமூன்று என்றால் வட்டம். திரும்பி வந்து அவர் காதுக்கு முன்னால் விரலை வைத்தேன், திறங்கண்ணே, வலது பக்கம் டக், தாடை ஒரு பக்கமாக நழுவிப் போய்த் திரும்பி வந்தது, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி. இந்தச் சத்தம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அம்மா சாப்பிடும்போது வரும், எங்கள் ஒரே அறையில் விளக்கு இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு டக், நானும் தங்கையும் எண்ணுவோம், நாற்பது டக் வந்தால் சாப்பிட்டு முடித்துவிட்டாள் என்று அர்த்தம். செங்கல் சுமந்தாள், தலையில் பன்னிரண்டு கல், ஏற்றிவிடும்போது பல்லைக் கடித்துத்தான் கழுத்தை நிறுத்துவாள், சூளையில் எல்லாரும் அப்படித்தான், பெண்கள் எல்லாருக்கும் கன்னத்தில் இந்த இடத்தில் ஒரு முண்டு, மதியம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டால் டக்டக்டக் என்று ஏதோ தையல் மெஷின் கடை மாதிரி இருக்கும். அதை நோய் என்று யார் சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, அது சாப்பிடுகிற சத்தம், அவ்வளவுதான்... அண்ணே, மூட்டையை எப்படித் தூக்குவீங்க? எப்படின்னா? வாய் எப்படி இருக்கும் அப்ப? யோசித்தார், இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட. பல்லைக் கடிச்சாத்தானே தங்கச்சி மூட்டை எழும்பும், வாயப் பொளந்துக்கிட்டா தூக்க முடியும், என்றார்.

டாக்டரம்மா உள்ளே ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்துக்கொண்டிருந்தார், பிடுங்குகிற கருவி தட்டில் தயாராக இருந்தது, அது அடுத்து இவருக்கு. சொன்னேன். ஸ்கேல் சுருங்கிவிட்டது, இவர் வாய் முப்பத்துமூன்றுதான், மூட்டு உதைக்கிறது, வலி பல்லில் இல்லை என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் முதலில் வந்தது எரிச்சல், எனக்குத் தெரியும் அந்த எரிச்சல், அது என்னுடையதும்தான். அக்கா, அவரே பிடுங்கச் சொல்றாரு, அந்தப் பல்லுல பெரிய சிமெண்ட் அடைப்பு வேற இருக்கு, வெளிய எத்தனை பேர் பாத்தீங்களா, நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் உட்கார்ந்து வாதாடவா? பல்லைத் தட்டிப் பாருங்கம்மா, என்றேன். என்ன? ஒருவாட்டி தட்டிப் பாருங்க, வலிச்சா பிடுங்குங்க. என்னை விட இருபது வயது சின்னவர், படித்தவர், நான் தட்டு கழுவி மேலே வந்தவள், இப்படிப் பேசியதில்லை. அவர் எழுந்து வந்தார், வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டினார், வலிக்குதா? இல்ல. குளிர்ந்த பஞ்சை வைத்தார், வலிக்குதா? ஜில்லுனு இருக்கு, அவ்வளவுதான். பிறகு கையுறைக் கட்டை விரலை அவர் கன்னத்திலும் புடைத்திருந்த முண்டில் வைத்து ஒரு அழுத்து, மனுஷர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார், அதான் டாக்டரம்மா, அதே வலி, அதே வலிதான், எங்க பிடிச்சீங்க. டாக்டரம்மா வெளிச்சப் பலகையில் அவருடைய பழைய எக்ஸ்ரே படத்தைச் செருகி, பிடுங்கிப்போன இரண்டு பல்லின் வேரையும் பார்த்துக்கொண்டு நின்றார், கறுப்பு நிழல் எதுவும் இல்லை, சுத்தமான வேர்கள், ஒரு பல் போன பிறகு அதன் படத்தைப் பார்ப்பது என்ன ஒரு காரியம்.

இந்தப் பல் நல்லா இருக்கு, பிடுங்க வேண்டாம், என்றார் டாக்டரம்மா. தாடை மூட்டும் தசையும் களைச்சுப் போயிருக்கு, மாத்திரை எழுதறேன், சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க, கடினமானதை மெல்லாதீங்க, மூணு வாரம் பளு தூக்காதீங்க. மூன்று வாரம் பளு தூக்காதீங்க... மீனிடம் போய் மூன்று வாரம் நனையாதே என்று சொல்வது மாதிரி, நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சுமைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிடுங்க மாட்டீங்களா? தேவையில்லைங்க. வலிக்குதும்மா எனக்கு, நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். பல்லுல ஒண்ணுமே இல்லைங்க. வலது கன்னத்தை நாக்கால் உள்ளேயிருந்து துழாவினார். பிறகு கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார், அப்ப முன்ன எடுத்தீங்களே, அந்த ரெண்டு?

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். என் கையெழுத்து இருக்கிற தாள். அவர் பதில் தேடுவதற்குள் நான் சொல்லிவிட்டேன், ஸ்கேல் கெட்டுப்போச்சுண்ணே, மெஷின்ல போட்டு சுருங்கிப்போச்சு, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எத்தனை சுலபமாக வந்தது அந்த வார்த்தை, தயாராக நாக்கிலேயே இருந்தது மாதிரி. சுமைக்காரர் என்னைப் பார்த்தார், கோபம் என்று சொல்ல முடியாது, ஒரு அலுப்பு. கிட்டங்கியில எடை மெஷின் கெட்டுப்போனா எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல தங்கச்சி, மொத மூட்டையிலயே தெரிஞ்சுடும், தோள் சொல்லிடும், அம்பதுன்னு எழுதியிருக்கும், தோள் அறுபதுங்கும், நாங்க தோளைத்தான் நம்புவோம். நீ என் ரெண்டு காதுலயும் விரலை வச்சுக்கிட்டு நின்னியே, உனக்கு ஒண்ணும் சொல்லலையா அது? எழுந்தார், நாற்காலி முனகியது. மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வலிச்சா மார்க்கெட் பக்கம் வேற ஒரு ஆள் இருக்கான், அவன் கேள்வி கேக்காம பிடுங்குவான், என்றார். அண்ணே வேண்டாம், மூணு வாரம் பொறுத்து வாங்க, என்றேன், வாசல் வரைக்கும் போனேன், பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். வருவாரா. வர மாட்டார். நாளைக் காலையில் பல்லைக் கடித்து முதல் மூட்டையைத் தூக்குவார், சாயந்திரம் அந்த ஆளிடம் போய் வாயைத் திறப்பார், அவன் அளவெல்லாம் பார்க்க மாட்டான், நல்ல பல் ஒன்று தட்டில் விழும்.

ஸ்கேல்தான் காரணம், வேறென்ன, இரண்டு மாசமாகச் சுருங்கிய ஸ்கேல், நான் என்ன வேண்டுமென்றா செய்தேன், உத்தரவு போட்டார்கள், போட்டேன்... அலமாரியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன், மெஷின் வந்த தேதியைப் பார்க்கத்தான், சத்தியமாக அதற்குத்தான். இரண்டாவது பல்லின் தாள் மேல் கட்டிலேயே கிடைத்தது, ஆறு வாரத்துக்கு முந்தியது, முப்பத்தொன்பது, சரி, சுருங்கிய முப்பத்தொன்பது, பழியை ஸ்கேல் மேல் போடலாம். முதல் பல்லின் தாளைத் தேடினேன், அடிக் கட்டில், ஐந்து மாசத்துக்கு முந்தியது. ஐந்து மாசம். மெஷின் வந்தே இரண்டு மாசம்தான் ஆகிறது. அன்றைக்கு ஸ்கேல் நேராக இருந்தது, முழுசாக இருந்தது, பொய் சொல்லத் தெரியாமல் இருந்தது. தாளில் என் கையெழுத்தில் நாற்பது. அளந்து எழுதிய நாற்பது இல்லை, என் நாற்பது எனக்குத் தெரியாதா, கூட்டம் அதிகமான நாளில் கை தானாகப் போடும் உருண்டையான நாற்பது. சத்தம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதியிருந்தேன். பேருக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி, கடுகளவு.

அப்படியானால் விரல் சொல்லியிருக்கிறது. டக் என்று உதைத்திருக்கிறது, கேட்டிருக்கிறேன், இது இருக்கிறதுதானே என்று நினைத்திருக்கிறேன், எங்கள் சூளையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம்தானே. கட்டிலிருந்து இன்னொரு புள்ளியை உருவினேன், தொழில் என்ற கட்டத்தில் கல் உடைப்பு. இன்னொன்று, துணி வெளுப்பு. இன்னொன்று, கட்டட வேலை. வட்டம் போட்டவை தனியாக மேல் தட்டில் இருந்தன, மெல்லிய கட்டு, முதல் தாள் வங்கிக் கணக்கர், அடுத்தது கல்லூரி மாணவி, அதற்கடுத்தது... வேண்டாம், மூடிவிட்டேன், மூன்று தாளை வைத்து எதையும் சொல்ல முடியாது, தற்செயலாக இருக்கலாம், முழுக் கட்டையும் எண்ணினால்தானே தெரியும், எண்ண நேரம் எங்கே இருக்கிறது எனக்கு. அக்கா, அடுத்த ஆளை அனுப்பலையா, என்று உள்ளேயிருந்து டாக்டரம்மா. மெழுகு எஃகு ஸ்கேலை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார், சாயந்திரம் திருப்பித் தரணுமாம். ஒன்பதாவது ஆள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள், விடுதியில் பாத்திரம் தேய்க்கிறவள், புறங்கையெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போய், சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்திருந்தாள், இவளாவது கண்ணைத் திறக்காமல் வாயைத் திறந்தாளே. நாற்பத்தொன்று, எஃகில் நாற்பத்தொன்று, அளவு தேறிவிட்டது. காதுக்கு முன்னால் விரலை வைத்தேன், மூடும்மா, திறம்மா... இடது பக்கம், விரலுக்கடியில், லேசாகத்தான், சாப்பிடுகிற சத்தம் மாதிரி, டக். கை காதிடுக்குக்குப் போய் பென்சிலைத் தொட்டுவிட்டிருந்தது, சிவப்புப் பேனா மேசையின் அந்தப் பக்கம் கிடந்தது, அவள் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.